கல்லெறி ஞாயிறு

எங்கள் கில்டோரனில் எது இடிந்து கிடந்தாலும் அதை இடித்தது குரோம்வெல்தான். முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து படையோடு அயர்லாந்துக்கு வந்த அந்த மனிதன், ஊரார் சொல்வதை எல்லாம் நம்பினால், மடத்தின் கூரையைப் பிடுங்கினான், மாவு ஆலையைக் கொளுத்தினான், பாலத்தின் ஒரு வளைவைத் தகர்த்தான், போகிற போக்கில் மோரன் வீட்டுக் கிணற்றையும் தூர்த்துவிட்டுப் போனான். அந்தக் கிணறு தூர்ந்தது என் சின்ன வயதில். நானே பார்த்திருக்கிறேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்? கடைக்காரி சபினாவின் பேச்சு ரொட்டிக்கும் தேயிலைக்கும் மட்டும்தான் எடுபடும்.

குரோம்வெல் கணக்கில் ஊர் எழுதியதிலேயே பெரியது எங்கள் கோட்டை. கோட்டை என்றால் மதில், அகழி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் ஒற்றைக் கல் கோபுரம். மூன்று மூலைகள் திடமாக நிற்கின்றன. நான்காவது மூலை அடியிலிருந்து இரண்டாம் மாடி வரை இல்லை. வைக்கோல் வண்டி ஒன்று உள்ளே போய்த் திரும்பி வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. அதற்குப் பீரங்கி ஓட்டை என்று பெயர். ஊரில் மோசி நடத்தும் மதுக்கடைக்கும் 'பீரங்கி' என்றுதான் பெயர்ப்பலகை.

இந்தக் கோட்டை நிற்பது பார்ட்லி கான்சிடைனின் நிலத்தில். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். நெட்டையான ஆள், தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மாட்டுக்குப் பிரசவம் என்றால் கொட்டும் மழையிலும் அடுத்தவன் தொழுவத்துக்கு ஓடுவான். நல்லவன்தான். வாயைத் திறந்தால் மட்டும் மூடமாட்டான். அவனிடம் இருந்தது கொஞ்சம் மாடும் ஒரு கதையும். மாடுகள் சுமாரானவை.

கதை இதுதான். குரோம்வெல்லின் பீரங்கி கோட்டையின் மூலையை உடைத்தபோது, பார்ட்லியின் முன்னோன் டார்லக் கான்சிடைன் கதவு ஒன்றைப் பெயர்த்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டையில் தனியாளாக நின்றான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நின்றான். பீரங்கியை எதிர்மேட்டில் ஏற்ற வழி தெரியாமல் எதிரிகள் சேற்றில் திண்டாடிக்கொண்டிருந்தபோது, டியர்னி என்கிற உள்ளூர்க்காரன் ஒரு பன்றித்தொடையை வாங்கிக்கொண்டு வழி காட்டினான். இல்லாவிட்டால் டார்லக் இன்றுவரை அங்கேயே நின்றிருப்பான் என்பது பார்ட்லி சொல்கிற தோரணை.

அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூலையின் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே கோட்டைக்குப் போகும். பார்ட்லி ஓட்டையில் நின்று கதையைச் சொல்வான். அவன் அப்பாவும் தாத்தாவும் அதே இடத்தில் நின்று சொன்னவர்கள்தான். கதை முடிந்ததும் ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கி, எதிர்மேட்டின் மேல் எறிந்துவிட்டு வருவார்கள். "குரோம்வெல்லுக்கு ஒண்ணு" என்று சொல்லி எறிய வேண்டும். விடலைகள் "டியர்னிக்கு ஒண்ணு" என்று சேர்த்துக்கொள்வார்கள். யாருக்கும் யார் மேலும் பகை கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் கல்லெறிவோம், அவ்வளவுதான். கடையை விட்டுவிட முடியாததால் நான் போவதில்லை. எறிந்து களைத்தவர்கள் என்னிடம் வந்துதான் லெமனேட் குடிப்பார்கள்.

அந்த மேடு இருப்பது ஹனோரா டியர்னியின் வயலில். டியர்னி என்று எங்கள் ஊரில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். திங்கட்கிழமை காலையில் தள்ளுவண்டியோடு இறங்கி, முதல் நாள் ஊர் எறிந்த கற்களை எல்லாம் பொறுக்குவாள். பொறுக்காவிட்டால் புல்லறுக்கிற கத்தி போய்விடும். பொறுக்கியதை வைத்து வயலைச் சுற்றிச் சுவர் கட்டினாள். காரையில்லாத கல்சுவர், ஆனால் ஒரு ஆடு மூக்கை நுழைக்க இடமிருக்காது. வருஷா வருஷம் கட்டிக்கட்டி, கடைசியில் சந்தோரமாக ஓர் இடைவெளி மட்டும்தான் பாக்கி. அதற்கு நேர் எதிரே பார்ட்லியின் வீட்டு வாசல்.

"சுவரு எப்ப முடியும், ஹனோரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது என் கையிலயா இருக்கு? நீங்க இன்னும் நாலு வருஷம் என்னை வெறுத்தீங்கன்னா முடிஞ்சிடும்" என்று சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காலத்தில் விஷயம் இருந்தது. போப்பாண்டவர் மாதா ஆண்டு என்று அறிவித்த வருஷம் அது, 1954. ஊருக்கு ஊர் மாதாவுக்குக் கெபி என்கிற கற்குகைக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கெபிக்குக் கல் சுமக்கப் போன இடத்தில்தான் இவர்களுக்குப் பழக்கம். நடன மண்டபத்தில் பார்ட்லி வேறு யாரோடும் ஆடுவதில்லை. என் அம்மாவின் கடையில் தலைக்கு எண்ணெய் வாங்க ஆரம்பித்தான். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவன் அம்மா ஜூலியாவுக்கும் தெரிந்தது. கோட்டையைக் காட்டிக்கொடுத்த குடும்பத்துக் கை என் வீட்டுக் கதவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பார்ட்லி எதிர்த்துப் பேசவில்லை. பீரங்கிக்கு எதிரே கதவோடு நின்றவனின் வாரிசு, அம்மாவுக்கு எதிரே அடுப்பங்கரையில் கூட நிற்கவில்லை. ஹனோரா படலுக்கு வெளியே காத்திருந்தாள். இவன் போய் அம்மா இப்படிச் சொல்கிறாள் என்றான். அவள், "உங்கம்மா சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நீ என்ன சொல்றே?" என்று கேட்டாளாம். இவன் அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று சொல்லியிருக்கிறான். அந்த பலவீனமான இதயம் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு குறையில்லாமல் அடித்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவள் என் கடைக்குள் இருந்தால் இவன் வெளியே நின்று சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவரும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. என்னால் பொறுக்க முடியாதது அதுவல்ல. ஒவ்வொரு ஜூலையும் அந்த ஓட்டையில் ஏறி நின்று அதே கதையைச் சொன்னானே, அதுதான். ஒரு மாற்றம் மட்டும் செய்தான். டியர்னி என்ற பெயரைச் சொல்லமாட்டான். "இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பானாம். அவன் தைரியத்தின் மொத்த அளவு அது.

அப்படியே இருவரும் அறுபதை நெருங்கியபோது, அரசாங்கத்துக்குத் திடீரென்று எங்கள் கோட்டை நினைவுக்கு வந்தது. மிச்சமும் விழுவதற்குள் தாங்கள் எடுத்துப் பாதுகாப்பதாகவும், அதற்கு முன் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, ஊனா லவெல் என்கிற அகழாய்வுப் பெண்மணியை ஒரு குழுவோடு அனுப்பினார்கள். குட்டையான பெண், முழங்காலில் தோல் ஒட்டுப்போட்ட கால்சட்டை. யார் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுக்கொள்வாள். கில்டோரனில் அது ஆபத்தான குணம்.

பார்ட்லிக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்ததும் சாலையோரம் ஒரு பலகை வைப்பார்கள் என்று தெரிந்ததிலிருந்து, அதில் டார்லக்கின் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதே அவன் பேச்சு. தினமும் குழிக்குத் தேநீர் கொண்டுபோனான். ஓட்டைக்கு அடியில் தோண்டினால் பீரங்கிக் குண்டு கிடைக்கும் என்று நம்பி, பீங்கான் அலமாரியில் நடுத்தட்டைக் காலிசெய்து துடைத்து வைத்திருந்தான்.

குண்டு வரவில்லை. புகைபிடிக்கிற மண் பைப்புகள் உடைந்து வந்தன, பால் சட்டி ஓடுகள் வந்தன, ஒரு லாடம் வந்தது. டார்லக்கின் குதிரை லாடம் என்று பார்ட்லி கையில் எடுத்துக்கொண்டான். அது கழுதை லாடம் என்றாள் ஊனா. குரோம்வெல் கழுதை வைத்திருந்திருப்பான், அந்த ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்றான் இவன்.

ஊனா மாலையில் என் கடைக்கு பிஸ்கட் வாங்க வருவாள். ஒருநாள் அவளே சொன்னாள். பீரங்கி அடித்தால் கல் சிதறும், விரிசல் ஓடும், உள்ளே இடிபாடு மலைபோல் குவியும். இங்கே மூலைக் கற்களில் கடப்பாறைத் தழும்புதான் இருக்கிறது. நன்றாகச் செதுக்கிய கற்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்திருக்கிறார்கள். மூலையை உருவியதும் அதன் மேலிருந்த வளைகூரைப் பகுதி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பைப்பும் சட்டியும் கூரைக்கு அடியில் கிடந்தவை, குரோம்வெல் செத்து நூறு வருஷத்துக்குப் பிறகு செய்தவை. ஆக, கூரை விழுந்தது அதற்கும் பிறகு.

"யாரு எடுத்தது?" என்றேன்.

"அவ்ளோ கனமான கல்லை யாரும் ரொம்ப தூரம் தூக்கிட்டுப் போக மாட்டாங்க, சபினா."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோட்டைக்குப் பக்கத்தில் புகை விட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு புகைபோக்கிதான். இன்னொரு பொட்டலம் பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டேன்.

ஊனா அந்த வீட்டுக்குள் கால் வைக்காமலே ஊரை விட்டுப் போயிருக்கலாம். விடுவானா இவன்? விருந்துக்கு வா என்று நச்சரித்தான். தனியாள் வீட்டுக்கு ஒரு பெண் தனியாக வருவது சரியில்லை என்று என்னையும் அழைத்தான். உண்மையான காரணம் அவனுக்கு ஆப்பிள் பணியாரம் சுடத் தெரியாது. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் அவனே வேக வைத்திருந்தான். முட்டைக்கோசு பாவம், காலையிலிருந்து வெந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டின் நடுவில் அவன் பெருமையை எடுத்து வைத்தான். அடுக்களை ஜன்னலைக் காட்டினான். கூரான தலையோடு இரண்டு குறுகிய திறப்புகள், நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய தூண், மேலே இரு பக்கமும் ஒவ்வொரு பறவை. இந்த வட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு ஜன்னல் கிடையாது, எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா கட்டியது என்றான். ஊனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அந்தப் பறவையின் மேல் கையை வைத்து அப்படியே நின்றாள்.

மாடிப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. பரணுக்குப் போகும் கல்படிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். நேர்ப்படிக்கு எதற்கு அந்த வடிவம் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சுழல்படிக்குத்தான் அது வேண்டும். கோட்டையின் சுழல்படி பாதியில் நின்றுபோகிறது.

கடைசியில் அவனே அவளைப் பன்றித்தொழுவத்துக்கு இழுத்துப் போனான், அங்கேயும் ஒரு அதிசயம் உண்டு என்று. சுவரில் ஒரு பெரிய காரைக்கட்டி, அதில் கூடை முடைந்த தடம் அச்சாகப் பதிந்திருக்கும். பன்றிக்குட்டிக் கூடையை ஈரக்காரையில் யாரோ சாய்த்து வைத்த தடம் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அந்தத் தடம் எனக்குத் தெரியும். கோட்டைக்குள் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அந்தக் காலத்துக் கொத்தர்கள் வளைகூரை போடும்போது பச்சைக் குச்சியால் முடைந்த தட்டியை வளைத்து அடியில் கொடுத்து, அதன் மேல் காரையும் கல்லும் இடுவார்கள். தட்டி போய்விடும், அச்சு நிற்கும். கோட்டையில் விழாமல் மிச்சமிருக்கிற கூரை முழுக்க அந்த அச்சுதான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஊனா அவனைப் பார்த்து, ரொம்ப மென்மையாகத்தான் சொன்னாள். "இது உங்க வீடு இல்லீங்க, கான்சிடைன். இதுதான் கோட்டை. இடம் மாறி நிக்குது."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குரோம்வெல் எங்கே என்று கேட்டான். அவர் இந்தப் பக்கம் வந்ததற்கே ஒரு தடயமும் இல்லை என்றாள். பீரங்கி? அதுவும் இல்லை. பன்றி ஒன்று அவன் காலணியை முகர்ந்துகொண்டிருந்தது. டார்லக்கைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை.

"அப்போ வழி காட்டினது யாரு?" என்றான்.

"எதுக்கு வழி காட்டணும்? யாருமே வரலையே."

பார்ட்லி தொப்பியைக் கழற்றினான். உள்ளே தலை வெளுத்து, வழுக்கையாக, குழந்தைத் தலைபோல் இருந்தது. அப்படியே தொழுவத்து மேடையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் இவனுக்கு ஒரு அடி விழ வேண்டும் என்று காத்திருந்தவள் நான். விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

விஷயம் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, நான் சொல்லாமலே. நம்பத்தான் யாரும் தயாராக இல்லை. பீரங்கி நின்ற எதிர்மேட்டைத் தோண்டிப் பார்க்கட்டும், அடியில் மண் கருகிக் கிடக்கிறது, வெடிமருந்துக் கருகல் என்றார்கள். தோண்டுவதற்கு ஹனோரா சம்மதித்தாள், எடுக்கிற கல்லைச் சுவரோரம் கொண்டுவந்து குவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கருகல் இருந்தது. சுற்றிலும் கல் அடுக்கிய வட்டக் குழியும் இருந்தது. சுண்ணாம்புச் சூளை. ஊரில் எவரெவர் வீட்டுச் சுவருக்கோ அங்கே சுண்ணாம்பு சுட்டிருக்கிறார்கள்.

மோசியின் கடையில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வருகிற ஞாயிறு, சூளையைப் பார்த்துக் கல்லெறிந்தோம் என்று வெளியே சொல்ல முடியுமா என்றான் மோசி. கடைப் பெயரை வேறு மாற்ற வேண்டும். பங்குச் சாமியார் ஃபாதர் டூலன் ஊனாவைத் தனியாகச் சந்தித்து, பலகையில் ஒரு சின்னப் பீரங்கிக்காவது இடம் கொடுக்க முடியாதா என்று கேட்டார். உண்மையை மறைக்கச் சொல்லவில்லையாம், கொஞ்சம் தாராளமாக இருக்கச் சொன்னாராம். முடியாது என்று அவள் சொன்னதும், பலகை வருகிறபோது வரட்டும், இந்த ஞாயிறு பார்ட்லி எப்போதும்போல் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. பார்ட்லி தலையை ஆட்டினான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்கே போனேன். இந்த வருஷமும் இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் என்றுதான் சொல்லப்போகிறாயா என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"எனக்கு வேற என்ன இருக்கு, சபினா?" என்றான். "அதையும் சொல்லலைன்னா நான் வெறும் மாட்டுக்காரன்."

"அவ யாரு? உன் கதையில அவ யாரு?"

காலி அலமாரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹனோராவிடம் நானே போய், பன்றித்தொழுவத்தில் ஊனா சொன்னதிலிருந்து மோசி கடை முடிவு வரை எல்லாவற்றையும் சொன்னேன். குதிப்பாள், அழுவாள் என்று நினைத்துப் போன என் முகத்தில் கரி. "எங்க குடும்பம் காட்டிக்கொடுக்கலைன்னு எனக்கு எப்பவோ தெரியும். ஒரு தொடைக்கெல்லாம் எங்காளு யாரும் ஒத்துக்க மாட்டாங்க, முழுப் பன்றி கேட்டிருப்பாங்க" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "எனக்கு அந்த ஆராய்ச்சியம்மா சொல்ல வேண்டாம், சபினா. அவன் சொல்லணும்."

அந்த ஞாயிறு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நானும் கடையை மூடிவிட்டுக் கல்லெறிக்குப் போனேன். மழை தூறலாகத்தான் இருந்தது. மூன்று ஊர் மக்கள், குடையும் குழந்தைகளுமாக, கையில் கல்லோடு தயாராக நின்றார்கள். ஊனா பின்னால் ஓரமாக நின்றாள். பார்ட்லி ஓட்டையில் ஏறினான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தொப்பி கையில்.

"குரோம்வெல்" என்று தொடங்கினான். கூட்டம் திருப்தியாக மூச்சுவிட்டது. அவன் நிறுத்தினான்.

"குரோம்வெல் இங்க வரல. இந்த ஓட்டையைப் போட்டது நாங்க. கான்சிடைனுங்க. கடப்பாறை வச்சு நெம்பினோம். என் அடுக்களை ஜன்னல் அதோ அங்க இருந்தது. என் வீட்டுப் படி இங்கேர்ந்து போனது. என் பன்றிங்க படுத்திருக்கறது இந்தக் கூரையோட துண்டுக்குப் பக்கத்துல. டார்லக் இந்த ஓட்டையில நின்னது நிஜம்னா, வண்டியில கல்லேத்தத்தான் நின்னிருப்பான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று பக்கத்தில் பார்த்தார்கள். ஃபாதர் டூலன் இருமினார்.

"வழி காட்டின டியர்னின்னு ஒருத்தன் கிடையாது. இருந்ததே இல்ல" என்றான் பார்ட்லி. மாதா ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயர் அவன் வாயில் வந்தது அதுதான் முதல்.

இறங்கி ஒரு கல்லை எடுத்தான். கூட்டம் பழக்கதோஷத்தில் சந்துப் பக்கம் திரும்பியது. இவன் மேட்டுப் பக்கம் போகாமல், தன் வீட்டைப் பார்த்து நடந்தான். கல் இந்தப் பக்கம் போக வேண்டும் என்று திரும்பிச் சொன்னான். ஜனங்கள் பின்னால் போனார்கள். கையில் கல் இருந்தது, வேறென்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் நின்று முதல் கல்லை அவனே எறிந்தான். அது வீட்டைத் தொடாமல் கோழிக்கூண்டில் பட்டது. கோழிகள் மட்டும் கத்தின. மற்றவர்கள் அசையவில்லை. யாரோ செத்துப்போனவனுக்காக மேட்டில் எறிவது சுலபம். திரைச்சீலை தொங்குகிற, அடுப்பு எரிகிற, தெரிந்தவன் வீட்டின் மேல் எறிய ஒருவருக்கும் கை வரவில்லை. மோசி ஒரு பொடிக்கல்லைப் பொதுவாக வீசினான். பலபேர் கல்லைச் சத்தமில்லாமல் காலடியில் நழுவவிட்டார்கள்.

அப்போதுதான் ஹனோரா சந்தில் ஏறி வந்தாள். வேலை உடுப்பு, ரப்பர் காலணி. கூட்டம் தானாக விலகியது.

"என்ன, இன்னைக்கு எனக்குக் கல் வரலையே?" என்றாள் பொதுவாக.

பார்ட்லி தொப்பியைக் கசக்கிக்கொண்டே, "தப்பு இந்த வீட்டுது, ஹனோரா. அதான் இங்க எறியச் சொன்னேன்" என்றான்.

அவள் குனிந்து, கீழே கிடந்ததில் ஒன்றை எடுத்துப் போட்டாள், இன்னொன்றை எடுத்தாள். வாழ்நாளெல்லாம் எங்கள் கற்களைத் தூக்கியவளுக்கு எது கைக்கு அடக்கம் என்று தெரியாதா? அடுக்களை ஜன்னலில், இரண்டு கல்பறவைகளுக்கும் நடுவில் சரியாக எறிந்தாள், கண்ணாடி பொடிப்பொடி. ஊனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கவலை எல்லாம் பறவைகளைப் பற்றி.

"இது குரோம்வெல்லுக்கு இல்ல" என்றாள் ஹனோரா. "உங்கம்மாவுக்கும் இல்ல." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவனோடு உள்ளே போனேன். மேசையில் விரிப்புப் போட்டு, ஜூலியாவின் நல்ல கோப்பைகள் இரண்டை எடுத்து வைத்திருந்தான். முதல் நாள் என்னிடம் திராட்சை கேக் செய்யச் சொன்னது யாருக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. கேக் முழுக்கக் கண்ணாடித் துகள்.

பலகை வந்தது. அதில் டார்லக் இல்லை, பீரங்கி இல்லை. அருகிலுள்ள வீடு கட்டக் கல் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி. யாராவது வந்து படித்தால் பார்ட்லி தானாகவே போய், அருகிலுள்ள வீடு இதுதான் என்று காட்டுவான். சொல்ல ஏதோ ஒரு கதை வேண்டும் அவனுக்கு. ஜன்னலைத் திரும்பக் கோட்டையில் வைக்க ஊனாவிடம் ஒப்புக்கொண்டான். மோசி மட்டும் கடைப் பெயரை மாற்றவில்லை.

ஜனங்கள் முற்றத்தில் நழுவவிட்டுப் போன கற்கள் அங்கேயே கிடந்தன. அறுப்பு முடிந்த பிறகு ஒருநாள் பார்ட்லி அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சந்தைக் கடந்து ஹனோராவின் சுவரண்டை கொண்டுபோனான். இந்த வருஷத்துக் கல் அவளுக்கு வரவில்லை, சுவர் தன்னால்தான் பாதியில் நின்றுபோய்விட்டது என்பது அவன் நினைப்பு. இடைவெளியை அடைக்க ஆரம்பித்தான். கான்சிடைன்களுக்குக் கல்லை உருவத் தெரிந்த அளவு அடுக்கத் தெரியாது. ஹனோரா வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ரொட்டி கொடுக்கப் போனவள், சைக்கிளை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கல் தலைகீழா இருக்கு" என்றாள்.

திருப்பி வைத்தான்.

"இப்ப ஆடுது."

சின்னக் கல்லை அடியில் கொடுத்தான். பகல் முழுக்க இப்படியே நடந்திருக்கிறது. நான் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது சுவர் அவன் நெஞ்சுயரம் வந்திருந்தது. அடுத்த கல்லை அவன் தூக்கியபோது அவள் சுவரின் மேல் கையை வைத்தாள்.

"போதும். எல்லாத்தையும் எடு."

"ஏன், கோணலா இருக்கா?"

"கோணல்தான். அதுக்குச் சொல்லல. இதையும் அடைச்சிட்டா நீ எந்தப் பக்கமா வருவே?"

அவன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். கான்சிடைன் ஒருவன் உடையவர் சொல்லிக் கல்லெடுத்தது கில்டோரனில் அதுதான் முதல் தடவை.